படத்துக்குள் இருந்த முகவரி

காலிங் பெல் அடித்தது.

அடிக்கக் கூடாத மணி அது! எட்டு மாதமாக அந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வரக் கூடாது என்பதுதான் ஏற்பாடே. பாலைக்கூடச் சின்னுவே கீழே இறங்கிப் போய் வாங்கி வந்துவிடுவாள். குழந்தைகளுக்கு அவள் தைக்கும் கவுன்கள் எல்லாம் இணையக் கடை ஒன்றில் விற்பனையாகும். பார்சல் கட்டி, மூன்று தெரு தள்ளி இருக்கும் கூரியர் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். முகவரி என்று யார் கேட்டாலும் அந்தக் கூரியர் கடையைத்தான் சொல்வாள்.

மணி மறுபடி அடித்தது...

தையல் மெஷினை விட்டு எழுந்தவள் உள் அறையைப் பார்த்தாள். அக்கா அதற்குள் தன் மகள் குட்டியை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சின்னுவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. வாடகை கொடுத்துக் குடியிருக்கும் வீட்டில், பட்டப்பகலில், மணி அடித்தால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்றால் இது என்ன பிழைப்பு?

கையில் இருந்த கத்தரிக்கோலோடு போய்க் கதவைச் சங்கிலி அளவுக்குத் திறந்தாள்.

வெளியே தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றிருந்தான். நெற்றியில் ஒட்டிய முடியைத் தள்ளிவிட்டு, கைபேசியை நீட்டினான். திரையில் அவள் தைத்த மஞ்சள் கவுன்.

"ஏங்க... இது நாலு வயசுக்குச் சரியா இருக்குமா?"

"யாருய்யா நீ?"

"பின் தெருவுல ஸ்டூடியோ வச்சிருக்கேன். நாளைக்கு அண்ணன் பொண்ணுக்குப் பிறந்தநாள். கூரியர்ல வர நாலு நாள் ஆகும்னு போட்டிருந்தது. பக்கத்துலதானே இருக்கீங்க, நேரா வாங்கிக்கலாம்னு..."

"இந்த வீடுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க. படம்தான் சொல்லிச்சு."

"படம் சொல்லிச்சா? எங்கிட்டயே கதை விடறியா? அந்த ஆளு அனுப்பினானா உன்னை?"

"எந்த ஆளு? முதல்ல அந்தக் கத்தரிக்கோலைக் கீழ வைங்க..."

"வைக்க முடியாது!"

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. மூன்று மாடி ஏறி வந்தவனை வாசலில் நிறுத்தித் திருடனைப் போல விசாரித்தால் யாருக்குத்தான் வராது? "கவுன் வாங்க வந்தவனைக் குத்த வர்ற கடையை இன்னைக்குத்தான் பார்க்கறேன். நல்லா நடக்கும் உங்க வியாபாரம்!" என்றான். பெரிய, கொஞ்சம் சிவந்த கண்கள்... அந்தக் கோபத்திலும் அவளை நேராகப் பார்த்தன. பொய் சொல்கிறவன் இப்படிப் பார்ப்பானா என்று ஒரு கணம் அவள் மனசு கேட்டது. அப்படிக் கேட்ட தன் மனசின் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

இரண்டு படி இறங்கியவன் நின்று திரும்பினான்.

"நான் கவுனுக்காக வந்தேன். வேற எதுக்காவது உங்களைத் தேடறவனுக்கும் அந்தப் படம் இதே வீட்டைத்தான் காட்டும். என்னைத் திட்டினது போதும். அதைப் போய்ச் சரி பண்ணுங்க."

அவன் போய்விட்டான். சின்னு கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

அக்கா வெளியே வந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்துப் போட்டுத் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். இந்த ஒன்றரை வருஷத்தில் இது மூன்றாவது வீடு. முதல் இரண்டையும் அக்காவின் புருஷன் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். இரண்டாவது வீட்டில் அவன் உடைத்தது கதவை மட்டும் அல்ல, அக்காவின் மணிக்கட்டையும்தான். அன்றோடு அவனை 'மாமா' என்று சொல்வதைச் சின்னு நிறுத்திவிட்டாள். 'அந்த ஆளு', அவ்வளவுதான். அவன் அக்காவை நெருங்கக் கூடாது என்று கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார்கள். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"எங்கக்கா போறது? குட்டி இப்பத்தான் ஸ்கூல்ல ஒரு ஃப்ரெண்டு பிடிச்சிருக்கா..."

"உசிரு இருந்தா அடுத்த ஸ்கூல்ல பிடிப்பா."

"எத்தனை ஜாக்கிரதையா இருந்தோம்! குட்டி முகம் தெரியாம முதுகு பக்கமா நிக்க வச்சுத்தானே எடுத்தேன்? ஜன்னலுக்கு வெளிய தெரியக் கூடாதுன்னு பெட்ஷீட்டைக் கட்டினேன். கடைப் பேர்கூட மாத்தி வச்சேன். அப்புறம் எப்படிக்கா?"

அக்கா குட்டியின் புத்தகங்களைப் பைக்குள் திணித்தாள்.

"ஒரு மணி நேரம் குடு. எப்படின்னு தெரிஞ்சுகிட்டு வர்றேன். அதுக்கப்புறம் போகலாம்னா போகலாம்."

"யார்கிட்ட போற?"

சின்னு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சொன்னால் அக்கா விடமாட்டாள்.

மழை இன்னும் விட்டபாடில்லை. குடையையும் மறந்து ஓடியவள் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது, அவன் ஒரு பெரியவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "சார், கண்ணை மூடாதீங்க சார்... இது பாஸ்போர்ட்டுக்கு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பெரியவர் கிளம்பும் வரை அவள் பக்கமே அவன் திரும்பவில்லை. தரையில் சொட்டச் சொட்ட நின்றாள். நிற்கட்டும் என்று விட்டான். அவன் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

"கத்தரிக்கோல் கொண்டு வரலையா?"

"படம் எப்படிச் சொல்லிச்சு?"

"மன்னிப்பு கேட்டா சொல்றேன்."

"எங்கக்கா வீட்டுல பை அடுக்கறா. அவ புருஷன் கண்டுபிடிச்சா அவளை விடமாட்டான். இந்த வீட்டை யாருக்குமே சொல்லாம எட்டு மாசம் ஓட்டியிருக்கோம். நீங்க வந்து மணி அடிக்கறீங்க. நான் வேற என்னங்க பண்ணியிருக்கணும்? பூங்கொத்து குடுத்து வரவேற்றிருக்கணுமா?"

குரல் அங்கேதான் உடைந்தது. அவன் முகத்தில் இருந்த வீம்பு சட்டென்று இறங்கிப் போயிற்று. எழுந்து போய் வாசலில் தொங்கிய பலகையை 'மூடியுள்ளது' என்று திருப்பி வைத்தான். ஒரு துண்டை எடுத்து, அவள் பக்கத்து நாற்காலியில் வைத்தான்.

"தப்பு என்னோடதுதான். நல்ல படத்தைப் பார்த்தா, என்ன கேமரா, எவ்வளவு வெளிச்சம்னு உள்ள திறந்து பார்க்கறது எங்க தொழில்ல எல்லாருக்கும் இருக்கற வியாதி. இங்க எல்லாரும் என்னை லென்ஸுன்னுதான் கூப்பிடுவாங்க. அந்த ஜன்னல் வெளிச்சம் அவ்வளவு அழகா விழுந்திருந்தது... பெரிய கேமரான்னு நினைச்சு உள்ள போனா, சாதா போன். கூடவே இடமும் இருந்தது. படத்துல தெரிஞ்ச பெட்ஷீட் மூணாம் மாடி ஜன்னல்ல தொங்கிச்சு. பின் தெருதானேன்னு குஷில ஓடி வந்துட்டேன். கூப்பிடாத வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு தோணவே இல்லை."

கணினியில் மஞ்சள் கவுன் படத்தைத் திறந்து, விவரம் என்ற இடத்தைத் தட்டினான். எடுத்த தேதி. காலை பத்து பன்னிரண்டு. கைபேசியின் பெயர். அதற்குக் கீழே ஒரு சின்ன வரைபடம்... அதில் ஒரு சிவப்புப் புள்ளி. வெறும் தெருவையோ பேட்டையையோ அது காட்டவில்லை. அவர்கள் கட்டடத்தின் மேலேயே அந்தப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

சின்னு அதையே வெறித்துப் பார்த்தாள். முகத்தை மறைத்தோம், ஜன்னலை மறைத்தோம், பெயரை மறைத்தோம்... இது மட்டும் படத்தின் முதுகில் ஏறிக்கொண்டு ஊரெல்லாம் போயிருக்கிறது!

"நான் கேட்டேனா இதை? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"கேட்டிருக்கும். போன் வாங்கின அன்னைக்கு, இடத்தைத் தெரிஞ்சுக்க அனுமதிக்கறீங்களான்னு. நீங்க சரின்னு தட்டியிருப்பீங்க."

"அது வழி பார்க்கறதுக்குன்னு நினைச்சேன்!"

"எல்லாரும் அப்படித்தாங்க நினைக்கறாங்க. சாட்ல சும்மா படம் அனுப்பினா பெரும்பாலும் இதெல்லாம் உதிர்ந்துடும். உங்க கடைக்காரங்க ஒரிஜினலா போடச் சொல்றாங்க. வர்றதை அப்படியே தூக்கி வெளிய வச்சுடறாங்க. அதுதான் அநியாயம்."

மொத்தம் நாற்பத்து மூன்று படங்கள். நாற்பத்து மூன்றிலும் அந்தச் சிவப்புப் புள்ளி.

இணையக் கடையின் உதவி எண்ணுக்கு அவள் கூப்பிட்டாள். ஐந்து நிமிஷம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். "மேடம், உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்."

"வருந்த வேண்டாம்மா. அழிங்க!"

"விற்பனையாளர் ஏற்றும் படத்தை மாற்றாமல் வெளியிடுவது எங்கள் கொள்கை, மேடம்."

லென்ஸ் கைபேசியை வாங்கினான். "ஏங்க, உங்க கொள்கைல ஒரு சின்னக் குழந்தை தூங்கற ரூம் தெரியுது. உங்க வீட்டுச் சாவியை இப்படி வாசல்ல தொங்கவிடுவீங்களா? அதுக்கும் கொள்கை வச்சிருக்கீங்களா?"

"சார், நீங்க யார் பேசறீங்க?"

"கவுன் வாங்க முடியாமப் போன கஸ்டமர்!"

அத்தனை ஆத்திரத்திலும் சின்னுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் துண்டால் முகத்தைத் துடைத்தாள். அவன் பார்த்துவிட்டான்.

கடைக்காரர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும், இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக அவர்களே நீக்கினார்கள். நீக்க நீக்க அந்தப் பக்கங்கள் காலியாகின்றனவா என்று அவன் தன் கணினியில் சரிபார்த்தான். பிறகு, விவரங்களைக் கழற்றிப் போட்டுப் புதுப் பிரதி எடுக்கக் கற்றுக்கொடுத்தான். அங்கேயே குறிப்பு எழுதிவைக்கவும் ஓர் இடம் இருப்பதைக் காட்டினான். கேமராவில் இடத்தைக் குறிக்கும் சுவிட்சை அவளையே அணைக்கச் சொன்னான்.

"இனிமே எடுக்கற படத்துல இடம் ஏறாது. ஆனாலும் ஒரு படத்தை வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி, ஒரு தடவை விவரத்தைத் திறந்து பார்த்துடுங்க. பல் தேய்க்கற மாதிரி, தினம் தினம். பழகிடும்."

கடைசிப் படத்தை நீக்கும்போதுதான் அதன் கீழ் வந்திருந்த செய்தியைச் சின்னு கவனித்தாள். இரண்டு நாளுக்கு முந்தையது. பெயர் இல்லாத கணக்கு. *கவுன் போட்டிருக்கற குழந்தைக்கு எத்தனை வயசு?*

வாங்குகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனாலும் சின்னு தைப்பாள் என்று அந்த ஆளுக்குத் தெரியும்.

அன்று இரவே கிளம்பியிருக்க வேண்டியவர்கள், படங்கள் நீங்கிவிட்டதால் தங்கினார்கள். அதற்கு அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"அந்த ஸ்டூடியோக்காரன் இந்த வாசல்ல கால் வைக்கக் கூடாது. வீட்டைக் கண்டுபிடிச்சதும் அவன், இப்ப நல்லவன் வேஷம் போடறதும் அவன். எனக்கும் ஒருத்தன் இப்படித்தான் வந்தான், உதவி பண்ணிகிட்டே... அப்புறம் உன் கண்ணு போற போக்கும் சரியில்லை, சொல்லிட்டேன்."

"என் கண்ணுக்கு என்ன?" என்று சின்னு எகிறினாள். உண்மையைச் சொன்னால் அப்படித்தானே எகிறத் தோன்றும்?

மறுநாள் காலை, மஞ்சள் கவுனைக் கூரியர் கடையில் வைத்துவிட்டு, அவனை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். வந்தவனிடம் அக்கா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள்.

"உங்கக்கா சொல்றது நியாயம்தான்," என்றான். "நான் உங்க தெருப் பக்கமே வரமாட்டேன். வீடு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கங்க. நான் வச்சுகிட்டேன்."

அவ்வளவு சுலபமாக அவன் ஒத்துக்கொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. 'ஒரு வார்த்தை மறுத்துப் பேசினால் என்னவாம்?' என்று வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள்.

பத்து நாள் போயிற்று. ஒரு நாள் அக்காவும் சின்னுவோடு கூரியர் கடைக்குப் போயிருந்தாள். கடைக்கார அம்மாள் பார்சலை எடை போட்டபடியே கேட்டாள்.

"ஏம்மா, அந்த லென்ஸு தம்பிக்கு என்ன ஆச்சு? தினமும் இங்க ஆல்பம் அனுப்ப வரும். நீங்க வர்ற தெரு வழியா வந்தா ரெண்டு நிமிஷம். கொட்டற மழைல மெயின் ரோட்டைச் சுத்திகிட்டு வருது. கேட்டா, அந்தத் தெருவுல எனக்கு வழி தெரியாதுங்குது. பிறந்து வளர்ந்ததே இங்கதான்!"

சின்னு சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரும் பார்க்காத இடத்திலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானே... மடையன். அக்கா வீட்டுக்கு வரும் வழியில் நின்று, மழையில் நீண்டு கிடந்த அந்த மெயின் ரோட்டை ஒரு தடவை பார்த்தாள்.

அன்று சாயங்காலமே அதே பெயரில்லாத கணக்கிலிருந்து அடுத்த செய்தி வந்தது. *அவ உன்கூடத்தான் இருக்கான்னு தெரியும். மரியாதையா சொல்லு, எங்க இருக்கீங்க?*

படித்ததும் சின்னு அழுதேவிட்டாள். அக்கா கைபேசியை வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏண்டி அழற? எங்க இருக்கீங்கன்னு கேட்கறான்டி! தெரிஞ்சிருந்தா கேட்பானா? கதவைத்தானே உடைப்பான்?"

ஆமாம்... தெரிந்திருந்தால் கேட்பானா? நாற்பத்து மூன்று படங்களில் ஒன்றின் விவரத்தைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை. இனித் திறக்கவும் அங்கே எதுவும் இல்லை.

அக்கா கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்து, குட்டியின் புத்தகங்களை வெளியே எடுத்து அடுக்கினாள். அந்தச் செய்தியை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, "இன்னும் நல்லா எழுதட்டும், அவன் கையாலேயே" என்றாள்.

சாட்சியாகச் சின்னுவும் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம் வேண்டும். ஊரில் வேறு ஸ்டூடியோவே இல்லையா? இருந்தது. அவள் போகவில்லை.

"சிரிக்காதீங்க," என்றான் கேமராவுக்குப் பின்னாலிருந்து.

"நான் எங்க சிரிச்சேன்? கோபமா இருக்கேன்."

"கோபமும் கூடாது. சாதாரணமா இருங்க."

"எனக்குச் சாதாரணமே இதுதான்!"

அவன் பக்கென்று சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அவன் விரல் தவறிப் பட்டனில் அழுந்தியது. பிறகு வெகுநேரம் கேமரா வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான், படம் எடுக்காமல். அவளும் நகரவில்லை. வெளியே மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது... ஏதாவது சொல்லப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். "முடிஞ்சுதுங்க," என்றான். அவ்வளவுதான். இவனை என்ன செய்தால் தகும்?

விசாரணை நாள் வந்தது. அந்த ஆளு தன் கையால் எழுதியதே அவனைக் கட்டிப் போட்டது. அக்காவையும் குழந்தையையும் தேடக் கூடாது, நெருங்கக் கூடாது, யார் மூலமும் தொடர்பு கொள்ளக் கூடாது என்று உத்தரவு வந்தது. மீறினால் உள்ளே. வீட்டுக்கு வந்து அக்கா ஜன்னலில் கட்டியிருந்த பெட்ஷீட்டை அவிழ்த்தாள். குட்டி ஓடி வந்து, வெளியே தெரிந்த மழையைக் கை நீட்டிப் பிடித்தாள்.

அப்போதுதான் சின்னுவின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. அன்று விரல் தவறி விழுந்த படம். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள்... கண்ணெல்லாம் ஒரே சிரிப்பு. கூட ஒரு வரி: *இது தெரியாம எடுத்தது. இங்க அழிச்சுட்டேன். உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.*

பழக்கம் யாரை விட்டது? விவரத்தைத் திறந்தாள். படத்துக்குள் எழுதி வைக்கவும் ஓர் இடம் உண்டு என்று அவன்தானே காட்டியிருந்தான்! ஏதாவது எழுதியிருப்பான்... ஒரு வரி... ஒரு வார்த்தை...

தேதி இல்லை. நேரம் இல்லை. இடம் இல்லை. குறிப்பு இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது.

"என்ன திமிர் பாருக்கா!" என்று எழுந்தாள் சின்னு.

"எங்கடி கிளம்பிட்ட?"

"சண்டை போட!"

அக்கா தடுக்கவில்லை. குடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "போட்டுட்டு வா. வரும்போது, அந்தச் சுத்து வழிக்காரரை ஒரு நாள் நேர் வழில வரச் சொல்லு."

ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் கைபேசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"என்ன இது? உள்ள ஒண்ணுமே இல்லை!"

"இருக்கக் கூடாதுங்க. துடைச்சுத்தான் அனுப்பினேன். இடம் தெரிஞ்சுதா?"

"இடத்தை யார் கேட்டா? குறிப்பு எழுதற இடம் ஒண்ணு இருக்குல்ல? அது ஏன் காலியா இருக்கு?"

அவன் விழித்தான். மெதுவாகப் புரிந்தது. காது மடல்கள் சிவந்தன.

"எழுதினேன்," என்றான். "நாலு தடவை எழுதினேன். நாலு தடவையும் அழிச்சேன்."

"ஏன்?"

"ஒளிஞ்சு கிடந்த ஒரு விஷயத்தாலதானே நீங்க இவ்வளவு பட்டீங்க? நானும் ஒண்ணை ஒளிச்சு வச்சு அனுப்பணுமா? அது நேர்ல சொல்ல வேண்டியதுங்க. சொல்ல தைரியம் வரலை... அன்னைக்குக் கத்தரிக்கோலோட கதவைத் திறந்தீங்களே, அந்த நிமிஷத்துலேர்ந்து உங்களைப் பிடிச்சிருக்கு. நீங்க போ-ன்னு சொன்னாலும் பிடிச்சிருக்கும். போதுமா?"

மழை ஓட்டு மேல் தடதடவென்று விழுந்தது. சண்டை போட வந்தவள் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"இதைச் சொல்ல இத்தனை நாளா?" என்றாள் கடைசியில். கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் குழைந்துவிட்டது. "எனக்கும்தான்... அன்னைக்கு நீங்க மூணு மாடி இறங்கறதுக்குள்ளயே. பேனா எடுங்க."

"எதுக்கு?"

"அட்ரஸ் சொல்றேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. அக்கா கூப்பிடறா."

"வீடுதான் எனக்குத் தெரியு—"

"தெரியாது! தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கு நீங்க பார்த்தது, எங்களைக் கேக்காம எடுத்தது. இது நானா குடுக்கறது. எழுதுங்க!"

அவன் பேனாவை எடுத்தான். கதவு எண், மாடி, தெரு என்று அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகவரியை வாய்விட்டுச் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பையன் கணக்காக அவன் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டான். எழுதிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அந்த முகவரி என்ன என்றுதானே கேட்கிறீர்கள்? நல்ல கதை! அதை இங்கே எழுதினால் சின்னு என்னை உயிரோடு விடுவாளா?